முன்னாள் படைவீரருக்கான முன்னுரிமை ஒதுக்கீட்டோடு முடிந்துவிடுவதில்லை

பெறுநர்: வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆணையர் அவர்கள், சென்னை; மற்றும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம், நீலகிரி மாவட்டங்களின் வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களின் அலுவலர்கள் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இந்திய இராணுவத்தில் ஈ.எம்.இ. என்று நாங்கள் சொல்லும் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, பெருந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடியிருக்கிறேன். பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பும் தம்பிமார்கள், படையில் செய்த பணியின் விவரம் அடங்கிய டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து எங்கே போவது என்று கேட்டு வரும்போது, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று சொல்வதும் இப்போது என் அன்றாடப் பழக்கமாக இருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து ஒன்றே ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். முன்னாள் படைவீரருக்குப் பணியிடங்களில் ஒதுக்கீடு இருக்கிறது. அந்தப் பணியிடம் வரை அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவையில்தான் முன்னுரிமை இல்லை.

ஒதுக்கீட்டில் குறையொன்றும் சொல்வதற்கில்லை. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், முன்பு குரூப் டி என்றிருந்த பணிகளில் 20 சதவீதமும் எங்களுக்கு உண்டு. பொதுத்துறை நிறுவனங்களிலும் பொதுத்துறை வங்கிகளிலும் இது முறையே 14.5 சதவீதமும் 24.5 சதவீதமும் ஆகும், அதற்குள் 4.5 சதவீதம் உடல் ஊனமுற்ற படைவீரருக்கும் களத்தில் உயிர்நீத்தவரின் குடும்பத்தாருக்கும் உரியது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 சதவீதம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்துப் 15 ஆண்டுகள் படையில் இருந்தவரை, மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கொள்ளலாம் என்ற ஆணையும் நெடுநாளாக நடைமுறையில் உள்ளது. ஆனால் தகுதியான முன்னாள் படைவீரர் கிடைக்காத இடம் மற்றவர்களைக் கொண்டு நிரப்பப்படுகிறது. அடுத்த ஆண்டுக்கு அது எங்கள் கணக்கில் சேர்வதில்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர், பத்தாம் வகுப்போடு தாங்கள் பட்டதாரிக்கு இணையாகக் கருதப்படுவோம் என்பதையே அறியாமல், விண்ணப்பக் கடைசித் தேதி போன பிறகு வருகிறார்கள். பதினேழு ஆண்டுகள் எல்லையில் இருந்தவருக்கு வங்கித் தேர்வின் பாடத்திட்டத்தை யார் சொல்லியிருப்பார்கள்?

பதினெட்டு வயதில் சேரும் ஒரு சிப்பாய் முப்பத்தைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் வீடு திரும்புகிறார். 15 ஆண்டுகள் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வருகிறது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலம் அது. வீட்டுக் கடனும் பெற்றோரின் மருத்துவச் செலவும் கூடச் சேரும். “பென்ஷன் வாங்குகிறவருக்கு எதற்கு இன்னொரு வேலை?” என்று கேட்பவர்கள், அறுபது வயதில் ஓய்வு பெறுகிறவரை மனத்தில் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வயதுக்காரரைப் பார்க்கிறார்கள்.

அண்மையில் எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றில் நடந்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கு, நாயக் பதவியில் ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். வண்டி மெக்கானிக்காக லடாக்கின் குளிரில் டீசல் உறைந்த லாரிகளை விடியுமுன் ஓட வைத்தவர். மேசையில் இருந்த இளைஞர் படிவத்தைப் பார்த்தார்: கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு, வயது 38, முந்தைய நிறுவனம் இந்திய இராணுவம். “செக்யூரிட்டி வேலை இருக்குதுங்கண்ணா, பன்னெண்டு மணி நேர ஷிப்ட்டுங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னார். அதே கூடத்தில் நான்கு மேசைகள் தள்ளி, லாரிகளையும் ஜெனரேட்டர்களையும் பராமரிக்க டீசல் மெக்கானிக் தேவை என்று ஒரு நிறுவனம் பலகை வைத்திருந்தது. அந்த மேசையிலிருந்து இந்த மேசைக்கு அவரைக் கூட்டிப் போவது அங்கே யாருடைய பொறுப்பாகவும் இல்லை. நான் கூட்டிப் போனேன். அவர்கள் கேட்டது ஐ.டி.ஐ. சான்றிதழ், இவரிடம் இருந்தது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரிக்கு என்ன பொருள் என்று சொல்லத் துறையின் சார்பில் ஒருவர் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

காவல் பணியை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. வங்கிகளின் ஆயுதக் காவலர் பணியில் எங்கள் ஆட்கள் பெருமையோடு இருக்கிறார்கள். 1986-இல் தொடங்கப்பட்ட, டெக்ஸ்கோ எனப்படும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் சிக்னல்ஸ் பிரிவில் தகவல் தொடர்புக் கருவிகளைப் பழுது பார்த்தவரும், மருத்துவப் பிரிவில் செவிலிய உதவியாளராக இருந்தவரும், ஒரு பட்டாலியனின் சரக்குக் கணக்கு முழுவதையும் வைத்திருந்தவரும் ஒரே வாயிற்கதவுக்கு அனுப்பப்படுவது, அரசு செலவழித்துக் கற்றுக்கொடுத்த தொழிலை அரசே வீணாக்குவதாகும்.

அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட படைவீரர் வேலைச் சட்டம் இதை வேறு விதமாக அணுகியது. அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் நிதியில் நடக்கும் வேலைவாய்ப்பு, பயிற்சித் திட்டம் எதுவானாலும், தகுதியுள்ள படைவீரருக்கும், கடமையின்போது உயிரிழந்தவர் அல்லது முழுமையாகச் செயலிழந்தவரின் மனைவிக்கும் கணவருக்கும் அந்தச் சேவை மற்றவர்களுக்கு முன்பாகக் கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வாசலில் நுழையும்போதே அவர் படைவீரரா என்று அறிந்து, அவருக்குள்ள உரிமையைச் சொல்ல வேண்டியது அலுவலகத்தின் கடமை. வேலை கிடைப்பதில் கூடுதல் இடர்ப்பாடு உள்ள படைவீரருக்கென்று அந்த அலுவலகங்களில் தனி ஊழியர்களும் இருக்கிறார்கள். புதிதாக வரும் காலியிடத்தை முதல் 24 மணி நேரம் படைவீரருக்கு மட்டும் காட்டும் வழக்கம் அங்கே சில மாநிலங்களில் உண்டு. அவர்கள் நாட்டு ஏற்பாடு அப்படியே நமக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. முன்னுரிமை என்பதை வரிசையில், தகவலில், வழிகாட்டுதலில் கொடுக்க முடியும் என்பதற்கே அதை எடுத்துக் காட்டுகிறேன்.

நம் மையங்களில் இதைத் தொடங்கப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. பதிவின்போதும் முகாம்களின் நுழைவிலும் “படையில் பணியாற்றியவரா, அவருடைய குடும்பத்தாரா?” என்ற கேள்வி முதல் கேள்வியாக இருக்கட்டும். ஆம் என்றால், அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள டிரேடை, அதாவது படையில் அவர் செய்த தொழிலை, அலுவலர் ஒருவர் உட்கார்ந்து படித்து, தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் தேசியத் தொழில் வகைப்பாட்டின்படி உரிய தொழிலாகப் பதிவு செய்து, ஒரு பக்க அளவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கக் குறிப்பாகக் கொடுக்கட்டும். என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒரு பக்கம்தான் முக்கியம். அதைப் பார்க்கும் மில் மேலாளருக்கோ பம்ப் கம்பெனி முதலாளிக்கோ, எதிரில் நிற்பவர் யார் என்று அப்போதுதான் தெரியும். தனியார் துறை வேலைக்கான அரசின் இணையதளத்தில் வரும் புதிய இடங்கள் முதலில் இவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகலாம். போட்டித் தேர்வுகளுக்காகத் தாங்கள் இலவசமாக நடத்தும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில், கல்லூரியை முடித்து வந்த பிள்ளைகளோடு ஓட முடியாமல் முதல் வாரத்திலேயே நின்றுவிடும் இவர்களுக்குக் கணக்கும் கணினியும் அடிப்படையிலிருந்து சொல்லித் தரும் தனி வகுப்பு வேண்டும்.

வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களின் இடத்தை இது பறிக்காதா என்ற கேள்வி நியாயமானது. என் வீட்டிலும் பட்டம் முடித்துக் காத்திருக்கும் பிள்ளை உண்டு. நான் கேட்பதில் ஒரு பணியிடம்கூடக் கூடுதலாக ஒதுக்கப்படவில்லை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்டதை அடையும் வழியும், தனியார் துறையில் தன் தொழிலுக்கு ஏற்ற இடத்தை அறியும் வாய்ப்புமே கேட்கப்படுகின்றன.

கொங்குப் பகுதிக்கென்று ஓர் இடர்ப்பாடும் இருக்கிறது. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை போல ஊரே பட்டாளத்து ஊராக இருந்தால், எந்தப் படிவம் எங்கே என்று திண்ணையிலேயே தெரிந்துகொள்ளலாம். வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் மையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் அருகிலேயே இருந்தும், நம் படைவீரர்கள் ஊருக்கு ஒருவர் இருவராகச் சிதறியிருக்கிறார்கள். தாளவாடிக்காரர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஈரோடு வந்தால், முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒரு பக்கம், வேலைவாய்ப்பு மையம் இன்னொரு பக்கம். ஒன்றில் சொன்னது மற்றதற்குத் தெரியாது. மாதத்தில் ஒரு நாள் தங்கள் வழிகாட்டி அலுவலர் நல அலுவலகத்தில் வந்து அமர்வதும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது சத்தியமங்கலம், கொல்லிமலை, கூடலூர் போன்ற இடங்களுக்குச் செல்வதும் பெரிய செலவாகாது.

இதைத் தள்ளிப்போட முடியாத காரணம் ஒன்று உண்டு. இளைஞர்களை நான்கு ஆண்டுகளுக்குப் படையில் சேர்க்கும் அக்னிபத் திட்டம் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதில் சேர்ந்த முதல் அணியினரின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகின்றன. அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர் படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற பெயரில் மொத்தமாகத் தரப்படும் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு, ஓய்வூதியம் இல்லாமல், முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லாமல், இருபத்தொன்று முதல் இருபத்தேழு வயதுக்குள் வீட்டுக்கு வருவார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வெளியே நிற்கப்போகும் பிள்ளைகளை நல அலுவலகம் தன்னவர் என்று ஏற்குமா என்பதற்குக் காத்திராமல், தங்கள் மையங்கள் அவர்களுக்கும் இந்தச் சேவை முன்னுரிமையைக் கொடுக்க வேண்டும். கையில் பணத்தோடு வரும் இளைஞனைத் தேடி வருபவர்களில் எல்லோரும் நல்லவர்களாக இருக்க மாட்டார்கள். தங்கள் அலுவலர் முதலில் போய்ச் சேர வேண்டும்.

வேலை கொடுக்கக்கூடியவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. கோவையின் பம்ப், மோட்டார்ப் பட்டறைகள், திருப்பூரின் பின்னலாடை ஆலைகள், கரூரின் பஸ் பாடி கட்டும் கூடங்கள், நாமக்கல், சங்ககிரியின் லாரித் தொழில், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் எல்லாவற்றிலும் பராமரிப்புக்கும் சரக்குக் கணக்குக்கும் நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை என்ற குறை எப்போதும் காதில் விழுகிறது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் இருக்கின்றன. அங்கே உருவாகும் கருவிகளைக் களத்தில் கையாண்டவர்கள் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். தொழில் தொடங்க விரும்புகிறவருக்கு மாநில அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 சதவீத மூலதன மானியம் தருகிறது. சம்பளத்துக்குப் போக விரும்புகிறவருக்கு அதே அக்கறையோடு ஒரு மேசை போடப்பட வேண்டும்.

இதோடு, எத்தனை முன்னாள் படைவீரர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் எந்தத் தொழிலுக்கு அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேருக்கு அவரவர் டிரேடிலேயே வேலை கிடைத்தது என்ற கணக்கை மாவட்ட வாரியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுமாறு வேண்டுகிறேன். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் சுருக்கெழுத்துகளைப் படித்துச் சொல்லவும் விளக்கக் குறிப்பு எழுதவும் ஆள் போதவில்லையென்றால், ஈரோடு மையத்தில் தாங்கள் குறிக்கும் நாட்களில் ஊதியமின்றி வந்து அமர நானும், எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சுபேதார்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். தேதியைத் தெரிவித்தால் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஈ.எம்.இ. படைவீரர் ஒருவர்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.