மணிபல்லவத்துக்குப் போன பெண்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வளரிளம் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிக்கூடம் போகிற பெண்ணோ பையனோ திடீரென்று ஒரு மாய உலகத்தில் போய் விழுகிற நாவல்களைப் பிள்ளைகள் தேடித் தேடிப் படிப்பது வாழ்க்கையிலிருந்து ஓடி ஒளிகிற பழக்கம், தமிழுக்குச் சம்பந்தமில்லாத இறக்குமதிச் சரக்கு என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். இரண்டுமே சரியில்லை என்று எனக்குப் படுகிறது.

என் மகளுக்கு 13 வயது. பெங்களூரில் பிறந்து வளர்கிறவள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழை வீட்டில் நான்தான் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தேன். போன கோடை விடுமுறை முழுக்க அவள் கையில் ஒரு தடித்த ஆங்கில நாவல். பாட்டி வீட்டு நிலைக்கண்ணாடி வழியாக வேற்றுலகம் போய்விடும் 15 வயதுப் பெண்ணின் கதை. சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரமாட்டாள். எனக்கும் முதலில் கோபம்தான். அப்புறம் நானும் உட்கார்ந்து படித்தேன். முன்பின் தெரியாத கடற்கரையில் அந்தப் பெண் தனியாகக் கண்விழித்து அழுகிற இடம் வந்ததும் மகளைக் கூப்பிட்டு, "இதே மாதிரி ஒரு பொண்ணு நம்மகிட்டயும் இருக்கா, தெரியுமா?" என்று கேட்டேன்.

அன்று இரவு மணிமேகலையின் கதையைச் சொன்னேன். உவவனம் என்ற பூஞ்சோலையில் பூப்பறிக்கப் போன பெண்ணை இளவரசன் உதயகுமாரன் துரத்தி வருகிறான். அவள் பளிங்கு அறைக்குள் ஒளிகிறாள். அன்றிரவே மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே எடுத்துக்கொண்டு, தெற்கே 30 யோசனை (அந்தக் காலத்துத் தூர அளவு) தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. விடிந்ததும் அவள் என்ன செய்கிறாள்? இதுவும் உவவனத்தில் ஓர் இடம்தானோ, தோழி சுதமதி விளையாட்டுக்கு ஒளிந்துகொண்டாளோ என்று தேடுகிறாள். "நனவோ கனவோ என்பதை அறியேன்" என்கிறாள். கடைசியில், கொலையுண்ட தகப்பன் கோவலனை நினைத்து "ஐயாவோ" என்று அழுகிறாள். சாத்தனார் எழுதிய இந்த ஒரு காட்சிக்கு ஈடாக அந்தத் தடித்த நாவலில் எதுவும் இல்லை. தாயிடமிருந்து, தெருவிலிருந்து, பழகிய எல்லாவற்றிலிருந்தும் பிய்த்து எறியப்பட்ட பிள்ளையின் முதல் காலைப்பொழுது அது.

மகள் அசையாமல் கேட்டாள். ஒருவன் பின்தொடர்ந்து வருவதென்றால் என்னவென்று இந்த நகரத்துப் பஸ்ஸில் போய்வருகிற 13 வயதுப் பெண்ணுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேற்றுரு எடுப்பது, வானில் பறப்பது, பசியை ஒழிப்பது என்று மணிமேகலைக்கு மூன்று மந்திரங்கள் கிடைத்ததும் மகளுக்கு ஒரே குஷி. "அப்புறம் வாள் கிடைக்குமா?" என்றாள். இல்லை, வைகாசி முழுநிலா நாளில் கோமுகிப் பொய்கையிலிருந்து ஒரு பாத்திரம் வரும் என்றேன். "பாத்திரமா? வெறும் பாத்திரமா?"

ஆமாம், வெறும் பாத்திரம்தான். எடுக்க எடுக்கக் குறையாமல் சோறு தரும் அமுதசுரபி. அதை எடுத்துக்கொண்டு மணிமேகலை தன் ஊரான புகாருக்கே, அந்த உதயகுமாரன் இருக்கும் ஊருக்கே, வானத்து வழியாகத் திரும்பி வருகிறாள். 12 வருடமாக யானைத்தீ என்னும் அடங்காப் பசியில் தவிக்கும் காயசண்டிகைக்குச் சோறிடுகிறாள். பின்னால் சிறைக்கூடத்தையே அறம் செய்யும் இடமாக, அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். இதில் ஓடி ஒளிவது எங்கே இருக்கிறது? போன இடத்தில் எதைப் பெற்று, திரும்பி வந்து என்ன செய்தாள் என்பதுதானே கதை. இன்றைய மாய உலக நாவல்களிலும் நல்லவை இப்படித்தான் முடிகின்றன. போன இடத்திலேயே ராஜாவாகிவிடும் கதைகள் எனக்கும் பிடிக்காது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளிப்போட்டு வீசிவிடலாமா?

இந்த விஷயத்தில் குறை பிள்ளைகளிடம் இல்லை. அல்சூரில் உள்ள தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து உரையோடு கூடிய மணிமேகலையை எடுத்து வந்தேன். மகளால் இரண்டு பக்கம் தாண்ட முடியவில்லை. புலவர்களுக்காக எழுதிய உரை அது. அவளுக்கு வேண்டியது கதை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் இதழில் மணிமேகலையை 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கான தொடராக வெளியிடுங்கள். சுருக்கமோ பொழிப்புரையோ வேண்டாம். உவவனத்தில் தொடங்கி, நாவல் மாதிரியே விறுவிறுவென்று எழுதச் சொல்லுங்கள். பின்பகுதியில் வரும் சமய வாதங்கள் இந்த வயதுக்குக் கனம்தான், குறைத்துக்கொள்ளலாம். ஆனால் "ஐயாவோ" என்ற அந்த அழுகையைக் குறைத்துவிடாதீர்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெளிமாநிலத்தில் வளரும் எங்கள் பிள்ளைகள் தமிழை மெதுவாகத்தான் படிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குத் தமிழ் படிக்க ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள். தொடர் வந்தால் ஆளுக்கொரு பத்தியாக உரக்கப் படிக்க வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு.