பாப்பாவின் முதல் மலை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய திட்டத்தை நேற்று ராத்திரி இரண்டு தரம் படித்தேன். 7 வயதுப் பாப்பாவின் முதுகில் பையை மாட்டிக் கர்நாடகத்துக் குதிரேமுக் மலைக்குக் கூட்டிப் போக நினைக்கிறாய். அந்தப் புல்வெளி மலைக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து நீ அதைப் பற்றியே பேசுகிறாய். அவளுக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அது உன் மலைடா. சுமார் 1,890 மீட்டர் உயரம், போக வர 18 கிலோமீட்டருக்குக் குறையாது, மழைக்காலம் என்றால் அட்டைக்கடி வேறு. பாதி வழியில் "போதும்பா" என்று அவள் உட்கார்ந்துவிட்டால், மேலே போனாலும் கீழே வந்தாலும் பல மணி நேர நடை. அப்போது என்ன செய்வாய்?

இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். உன் மருமகனுக்கு 6 வயதாக இருந்தபோது ஒரு குழுவோடு நாகலாபுரம் போனோமே, நினைவிருக்கிறதா? ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் மலை, ஓடை, குளிக்கக் குட்டைகள். "குழந்தைகள் தாராளமாக வரலாம்" என்றார்கள், நம்பிவிட்டேன். வழி முழுக்கப் பாறை. பெரியவர்கள் ஒரு எட்டில் தாண்டுகிற கல்லை அவன் இரண்டு கையும் ஊன்றி ஏற வேண்டியிருந்தது. ஷூ நனைந்து குதிகால் உரிந்துவிட்டது. குழு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அத்தான்தான் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் மலை என்ற பேச்சை எடுத்தாலே அவன் அறைக்குள் போய்விடுவான். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு வலிக்கிறது.

அதனால் குழந்தையின் முதல் பயணத்துக்கு ஊர் தேடும்போது, அங்கே என்ன பார்க்கலாம் என்று நான் முதலில் கேட்பதில்லை. எந்த நேரத்தில் நின்றாலும் எவ்வளவு சுலபமாகத் திரும்பி வரலாம் என்றுதான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் உனக்கும் எனக்கும் நடுவிலேயே ஓர் இடம் இருக்கிறது: ஏலகிரி.

சிரிக்காதே. கல்லூரிக் காலத்தில் நாம் "அதெல்லாம் ஒரு மலையா" என்று தள்ளிய ஊர்தான். சுமார் 1,100 மீட்டர் உயரம். கீழே ஜோலார்பேட்டையில் வெயில் 34 டிகிரி என்றால் மேலே சில டிகிரி குறையும். மூச்சு வாங்கும் உயரமும் இல்லை, தாங்க முடியாத குளிரும் இல்லை. நீ பெங்களூரிலிருந்து காலை லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறு, நாங்கள் சென்னையிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வருகிறோம். இரண்டும் ஜோலார்பேட்டையில் நிற்கும். முதலில் வருகிறவர்கள் ஸ்டேஷனில் காபி குடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

அங்கிருந்து கார் வைக்க வேண்டாம், பேருந்திலேயே போவோம். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்: கபிலர், பாரி, ஓரி என்று. பாப்பா இப்போதுதான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் என்றாயே, ஜன்னலோரம் உட்கார வைத்துப் பலகைகளைப் படிக்கச் சொல். பாரி வந்ததும் முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை நான் சொல்கிறேன், அது அத்தையின் பங்கு.

முதல் நாள் நடையே வேண்டாம். புங்கனூர் ஏரியில் படகு, சாயங்காலம் கூடாரம் அடிப்பது, அவ்வளவுதான். கூடாரத்தை விடுதித் தோட்டத்திலேயே போட அனுமதி கேட்டு வைக்கிறேன். ராத்திரி மழை வந்தாலோ, இருட்டைப் பார்த்து அவள் அழுதாலோ, பத்தடியில் அறை இருக்கிறது. காட்டுக்குள் தூங்கினால்தான் பயணமா? அவளுக்கு அந்தத் தோட்டமே காடுதான்.

மறுநாள் விடிந்ததும் ஏலகிரியிலேயே இருக்கும் சுவாமிமலை. மங்கலம் கிராமத்திலிருந்து உச்சிக்குச் சுமார் 3 கிலோமீட்டர், மேலே ஒரு சின்னக் கோயில். நம் நடைக்கு ஒன்றரை மணி நேரம், அவளுக்கு இரண்டரை என்று வைத்துக்கொள். வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' பட்டியலில் இதுவும் இருக்கிறது. 2024இல் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம் அது. முன்கூட்டியே பதிவு செய்து, வழிகாட்டியோடு போவோம். காய்ந்த காலத்தில் மட்டும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. பொங்கல் முடிந்து, ஜனவரிக் கடைசி வாரம் எனக்குச் சரியாகப் படுகிறது.

பை விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேள். அவள் எடை 20 கிலோ இருக்குமா? அப்படியானால் அவள் பை 2 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆனால் பை அவளிடம்தான் இருக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர், ஸ்வெட்டர், டார்ச், கழுத்தில் ஒரு விசில், கடலை மிட்டாய், அவளுக்குப் பிடித்த ஒரு பொம்மை. பொம்மை எதற்கு என்று கேட்காதே, ராத்திரி தெரியும். பையை முந்தின நாள் அவளே அடுக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார். புது ஷூவை அன்றைக்குத்தான் போட வைக்காதே, பத்து நாள் முன்பே வீட்டில் போட்டுப் பழகட்டும். மிளகாய்ப் பொடி தடவின இட்லியும் புளிசாதமும் நான் கொண்டு வருகிறேன். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதே, குரங்கு பிடுங்கிவிடும்.

இன்னொன்று. பாதி மலையில் அவள் போதும் என்றால் அங்கேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவோம். "இன்னும் கொஞ்சம்தான்" என்று நீ சொல்லக் கூடாது. இதற்கு இப்போதே சரி என்று சொல். சாயங்காலம் நீங்கள் லால்பாக்கிலும் நாங்கள் பிருந்தாவனிலும் திரும்பிவிடலாம்.

உன் மருமகனுக்கு இப்போது 11 வயது. பாப்பாவுக்குக் கூடாரம் அடிக்கத் தான்தான் சொல்லித் தருவேன் என்று நேற்றிலிருந்து கம்பிகளை எடுத்து எண்ணிக்கொண்டிருக்கிறான். சனி, ஞாயிறு எது ஒத்து வரும் என்று பார்த்துச் சொல், டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா