பூக்கல்லில் பிள்ளைகளின் முகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளிலும் கோடை முகாம்களிலும் 'நான் யார்?' என்று தலைப்புக் கொடுத்துப் பிள்ளைகளை எழுத வைக்கிறார்கள். 'நான் அன்பானவன், நேர்மையானவன்' என்று எல்லாத் தாளிலும் ஒரே வரிதான் வருகிறது. காரைக்குடி வட்டாரப் பள்ளிகள் இதை ஆத்தங்குடிப் பூக்கல்லில், அதாவது கண்ணாடி மேல் நிறச் சிமெண்ட் ஊற்றிச் செய்யும் தரைக்கல்லில், செய்து பார்க்கலாம். கல்லில் அன்பை ஊற்ற முடியாது, அப்பத்தாவின் அரிவாள்மனையை ஊற்றலாம்.

முதலில் 8 அங்குலச் சதுரத் தாளில் வரையட்டும். நிறம் 4க்கு மேல் வேண்டாம். எந்தக் கட்டமும் சுண்டுவிரல் அகலத்துக்குக் குறைந்தால் ஊற்றும்போது பக்கத்து நிறம் வந்து மூடிவிடும். பத்துப் பொருளை நினைத்து வந்த பிள்ளை எதை வைப்பது, எதை விடுவது என்று உட்கார்ந்து யோசிப்பது இங்கேதான். இதற்கு ஒரு வாரமாவது கொடுங்கள். அவசரப்படுத்தினால் கிரிக்கெட் மட்டைதான் வரும். (நிஜமாகவே அவனுக்கு அதுதான் என்றால் மட்டையே இருக்கட்டும்.)

பூக்கல் கவிழ்ந்த நிலையில் உருவாவது. கண்ணாடியைத் தொட்டிருக்கும் அடிப்பக்கமே பிறகு மேல்முகம். அதனால் எழுத்துகள் இடம்வலம் மாறிவிடும். 'ப' தப்பிக்கும், 'ட'வும் 'க'வும் மாட்டிக்கொள்ளும். மெல்லிய தாளில் அழுத்தமாக வரைந்து, அதைக் கவிழ்த்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் போதும். எழுத்து என்றதும் விலாசம் நினைவுக்கு வருகிறது. செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தில் பெயருக்கு முன் போடும் விலாசத்தில் தகப்பனார், பாட்டனார் பெயர்களின் முதலெழுத்துகள் நிற்கும், ஆத்தாவின் எழுத்துக்கு அங்கே இடமில்லை. கல்லில் யார் எழுத்து வர வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

நிறங்களைப் பிரிக்கும் அச்சை ஆளுக்கொன்று செய்வது கட்டுப்படியாகாது, கரண்டியால் ஊற்றலாம். வெள்ளை சிமெண்ட் 1 கிலோவுக்கு இரும்பு ஆக்சைடு நிறத்தூள் 50 முதல் 100 கிராம். அதற்கு மேல் போனால் கல் வலுவிழக்கும். வண்ணக் கோலப்பொடியைக் கலக்க விடாதீர்கள், சிமெண்டின் காரத்தில் அது வெளுத்துப்போகும். பதம் தோசைமாவு போல இருக்க வேண்டும். நீர்த்துவிட்டால் நிறங்கள் ஒன்றோடொன்று ஓடும். கண்ணாடியில் தூசி இருந்தால் மேல்முகத்தில் புள்ளி விழும். நிறத்தின் மேல் சிமெண்டும் மணலும் 1:3 சேர்ந்த உலர்கலவையைத் தூவினால் மிஞ்சிய ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பிறகு ஈரக்கலவையை நிரப்பி, அழுத்தி மட்டம் செய்ய வேண்டும். சிமெண்ட் தோலை அரிக்கும், ஆகவே கையுறை கட்டாயம்.

ஒருநாள் நிழலில் விட்டுப் பின் சில நாள் தண்ணீரில் ஊற வையுங்கள். வெயிலில் காயவைத்தால் விரிசல் விடும். ஆசை தாங்காமல் கண்ணாடியை முன்கூட்டிப் பிரித்தால் நிறம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

பரிசு, மதிப்பெண் எதுவும் வேண்டாம். பரிசு என்றதும் நடுவருக்குப் பிடித்ததை வரைந்துவிடுவார்கள். இன்னொன்று, பின்பக்கம் ஈரமாக இருக்கும்போது ஆணியால் கீறலாம். முன்பக்கத்தில் காட்ட விரும்பாததை அங்கே எழுதிக்கொள்ளட்டும், ஆசிரியர்கள் படிக்காமல் இருந்தால் சரி. கல்லைத் தரையில் பதிப்பதா, புரட்டிப் பார்க்கும்படி வீட்டில் வைத்துக்கொள்வதா என்பதும் பிள்ளையின் விருப்பம்.

இப்படிக்கு,
கைவினைப் பயிற்றுநர்கள்,
காரைக்குடி வட்டாரம்