யோகா ஆசிரியர்களுக்கு ஒரு மாணவனின் மடல்

அன்புள்ள யோகா ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆறு வருடமாகத் தினமும் காலையில் பாயை விரிக்கிறவன் நான். தினமும் என்று சொன்னாலும் வாரத்தில் ஒரு நாள் எப்படியும் தூங்கிவிடுவேன். உங்கள் வகுப்புகளின் கடைசி வரிசையில் என்னைப் போன்றவர்களைப் பார்த்திருப்பீர்கள். குனிந்தால் விரல் நுனி பாதத்தைத் தொடாத ஆட்கள்.

யோகாவால் எனக்குப் பலன் கிடைத்திருக்கிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சேர்ந்த வகுப்பில், "48 நாள் விடாமல் வாருங்கள், பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம்" என்றார் ஆசிரியர். நல்ல மனிதர், மனதார நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன். மாத்திரையைப் பாதியாக்கினேன், அப்புறம் அதையும் விட்டேன். ஐந்தாவது வாரம் டாக்டர் பார்த்தபோது மேல் அளவு 170-ஐத் தாண்டியிருந்தது. வாங்கிய திட்டை எழுத இங்கே இடம் போதாது. ஆனால் யோகாவை நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தால், "மாத்திரையும் சாப்பிடுங்கள், மூச்சுப் பயிற்சியும் செய்யுங்கள்" என்றார்.

அதில் என்ன நடக்கிறது என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை ஆறு அளவுக்கு இறக்கி, வெளிமூச்சைக் கொஞ்சம் நீட்டினால், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு நிதானப்படுகிறது. ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதை உணர்ந்து உடனே சரிசெய்ய உடம்புக்குள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு, அதுவும் கூர்மையாகிறது. தொடர்ந்து செய்கிறவர்களுக்கு ரத்த அழுத்தம் சில புள்ளிகள் இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில புள்ளிகள்தான். மாத்திரையோடு சேரும்போது அதுவே பெரிய உதவி. மாத்திரையின் இடத்தில் அதை உட்கார வைத்தால் என் கதைதான்.

முதுகு வலி விஷயத்தில் நீங்கள் தைரியமாகவே பேசலாம். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்துக்குப் போகும் முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாக, அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-இல் யோகாவையும் சேர்த்தது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு அதே வருடம் வெளியிட்ட மீளாய்வும் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிவதாகச் சொன்னது. மற்ற உடற்பயிற்சிகளைவிட யோகா உசத்தி என்று அது சொல்லவில்லை. சிலருக்கு வலி கூடியதையும் மறைக்கவில்லை. இதையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்கள் ஓடிவிட மாட்டார்கள், நம்புங்கள்.

கவனித்தீர்களா, கணக்கெல்லாம் மாதங்களில் இருக்கிறது. முதல் சில வாரங்களில் உடம்பு வளைய ஆரம்பிக்கிறதே, அப்போது தசை பெரிதாக நீள்வதில்லை. இழுவையைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகுகிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வியர்த்து வடிவதைவிடத் தினம் 20 நிமிடம்தான் எனக்குக் கைகொடுத்தது. ஷூ லேஸ் கட்ட நாற்காலியைப் பிடிக்காமல் குனிந்தேன் என்பதே எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஜூன் 21-ஐ யோகா தினமாக ஐ.நா. 2014-இல் அறிவித்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அன்று மைதானத்தை நிரப்பும் பாய்களில் எத்தனை மறுநாள் காலையில் விரிக்கப்படுகின்றன?

இன்னொன்று, இதுதான் முக்கியம். வகுப்பில் புதிதாக வருகிறவரிடம் முதலில் விசாரியுங்கள். சிரசாசனத்தில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. எலும்பு அடர்த்தி குறைந்தவர் முதுகை வளைத்து ஆழமாகக் குனிந்தால் முள்ளெலும்பு நொறுங்கக்கூடும். உயர் ரத்த அழுத்தக்காரருக்கும் கர்ப்பிணிக்கும், வயிற்றை உள்ளிழுத்து வேகவேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதி வேண்டாம். முகத்தைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா? எனக்கு வாய்த்த இரண்டாவது ஆசிரியை பாயை விரிக்கவிடாமல் பத்து நிமிடம் கேள்வி கேட்டார். என்ன மாத்திரை, ஆபரேஷன் ஏதும் ஆனதா, கண் எப்படி, வீட்டில் யாருக்கு என்ன. வேலைக்கு எடுப்பது போல இருக்கிறதே என்று அப்போது எரிச்சல்தான் வந்தது. கடைசியில் அவர் கற்றுக்கொடுத்தது மெதுவான மூச்சு, மார்ஜரி ஆசனம், புஜங்காசனம், சவாசனம். ஆறு வருடமாக ஏறக்குறைய அதேதான் செய்கிறேன்.

மாத்திரை பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அது உங்கள் டாக்டர் விஷயம்" என்றார்.

முதல் ஆசிரியரிடம் நான் இதையெல்லாம் சொன்னதே இல்லை. மனம் நோகுமே என்று, பேசாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவர் இன்னும் 48 நாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.

இப்படிக்கு,
கடைசி வரிசை மாணவன்