உழவர் சந்தை வாசலில் பார்த்த அக்காவுக்கு

கறிவேப்பிலைப் பொடி விற்கணும் என்று எட்டு மாதம் லேபிளையே மாற்றிக்கொண்டிருந்தேன். 100 ரூபாய் கட்டி வாங்கிய உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், காலாவதி தேதி எல்லாம் அதில் இருந்தன. எனக்குத்தான் அந்தப் பச்சை பிடிக்கவில்லை. மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை வாசலில் (1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த சந்தை) ஒருநாள் புலம்பினேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நீங்கள், "லேபிளையா தம்பி சோத்துல பெசஞ்சு திங்கப் போறோம்? நாளைக்குப் பத்து பாக்கெட் கொண்டா" என்றீர்கள்.

கொண்டுவந்தேன். நாலு நீங்களே வாங்கினீர்கள். மூன்றாம் நாள் எல்லார் முன்னாலும், "உப்பு தூக்கல்!" எட்டு மாதத்தில் உப்பைப் பற்றி நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை அக்கா. குறைத்துவிட்டேன்.

பேர் கேட்க மறந்துட்டேன். ஞாயிறு காலையில் அதே வாசலில்தான் நிற்கிறேன், உங்களுக்கு ஒரு பாக்கெட் தனியாக இருக்கிறது. ரொம்ப நன்றிக்கா. பச்சை இன்னும் சரியில்லை.