பாட்டி கொடுத்த நாவல்

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, திட்டாதே. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பேனா பிடிக்கவே கை வராது.

அயர்லாந்தில் இந்த லிமெரிக் ஊரில் மழை நின்றபாடில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி தூறலைப் பார்த்து 'சாஃப்ட் டே' என்பார், அந்தத் தூறலிலேயே துணியும் காயப்போடுவார்! போன ஞாயிறு சோடா ரொட்டியோடு ஒரு பழைய நாவலும் தந்தார். கேட் ஓ'பிரையன் எழுதிய 'தி லேண்ட் ஆஃப் ஸ்பைசஸ்', மசாலாக்களின் தேசம் என்று அர்த்தம். இந்த ஊர்க்காரிதான், குதிரை வியாபாரி மகள், அம்மா இறந்ததும் ஐந்து வயதிலேயே கான்வென்ட் விடுதி. 1941இல் வந்த நாவலை அயர்லாந்தில் தடை செய்தது ஒரே ஒரு வரிக்காக. ஒரு பெண் தன் அப்பா இன்னொரு ஆணோடு காதல் அணைப்பில் இருப்பதைப் பார்த்துவிடுகிறாள், அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்தில் நானே அதைத் தாண்டிப் போய்விட்டேன். பென்சில் கோட்டைப் பார்த்துத்தான் திரும்பி வந்தேன், பாட்டி போட்டது.

1958இல் வந்த கேட் ஓ'பிரையனின் கடைசி நாவலில், இத்தாலிக்குப் பாட்டுப் படிக்கப் போன ஒரு பெண் இன்னொரு பாடகியைக் காதலிக்கிறாள். கத்தோலிக்கச் சபைக் கணக்கில் அது பாவம் என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் விடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கேட் 1974இல் இங்கிலாந்தில் இறந்தார். 1980களில் லண்டனில் விராகோ என்ற பெண்கள் பதிப்பகம் அவர் நாவல்களை மறுபடி அச்சிட்டது. 2015இல் இங்கே ஜனங்களே ஓட்டுப் போட்டு ஒருபால் கல்யாணத்தைச் சட்டமாக்கினார்கள். பாட்டியும் ஜெபமாலையைப் பையில் வைத்துக்கொண்டே போய் ஆதரித்துப் போட்டாராம்.

நாவல் தலைப்பைப் பார்த்ததும் நம் அஞ்சறைப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. அம்மா அனுப்பிய ரசப்பொடியில் இரண்டு ஸ்பூன் மிச்சமிருக்கிறது, ரசம் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்து மோந்துவிட்டு மூடிவிடுகிறேன். நீ லைப்ரரிப் புத்தகத்தில் மூழ்கி சோற்றைக் கருகவிடுவாயே, அந்த வாசனைகூட வேண்டும்போல இருக்கிறது.

சரி, பணம் இந்த மாதம் பாதிதான் வரும். அறை மாறினேன், முன்பணம் கேட்டார்கள், வேறொன்றுமில்லை. திருநெல்வேலி மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போது எந்தப் பதிலும் வேண்டாம் என்று அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. ஏன் என்று நீ கேட்கமாட்டாய், தெரியும். மாமா பேச்சைக் கேட்டுத் தோட்டத்துப் பட்டா விஷயத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதே. அப்பா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாரா, இல்லை டப்பாவை ஒளித்து வைக்கிறாரா?

உன் தங்கை