கம்பஸ் பக்கத்தில் போர்டிங் கட்ட நினைக்கும் மச்சானுக்கு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். இங்கும் நலம். மாரி இன்னும் தொடங்கவில்லை, வயல்களில் உழவு நடக்கிறது.

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், உன் 20 பேர்ச்சஸ் வளவில் பெடியன்களுக்குப் பத்து அறை போர்டிங் கட்டலாமா, புரோக்கர் சொல்கிற பக்கத்து வயலையும் சேர்த்து வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வயலை விட்டுவிடு. வளவில் கட்டலாம். ஆனால் அங்கே பத்து அறை அடங்குமா என்பதைக் காணியின் பரப்பு தீர்மானிக்காது, கிணறும் மலசலகூடக் குழியும்தான் தீர்மானிக்கும்.

முதலில் வயல். உறுதியில் 'காணி' என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று புரோக்கர் காட்டுவார். அதை நம்பாதே. கமநல சேவை நிலையத்துப் பதிவில் அது நெற்காணி என்றால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் நிரப்பவோ கட்டவோ முடியாது. சட்டத்தை விட்டாலும் கணக்கு இருக்கிறது. வயலும் உன் வளவைப் போல 20 பேர்ச்சஸ் என்று வைத்தால், அது 5,445 சதுர அடி. மூன்று அடி உயர்த்த 163 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கிறவல் வேண்டும். மூன்று கியூப் டிப்பரில் 55 தடவை, இறுகிக் குறைவதைச் சேர்த்தால் அறுபதைத் தாண்டும். மார்கழி மழைக்கு அங்கே நின்ற தண்ணீர் அதற்குப் பிறகு எங்கே போகும்? வாய்க்காலும் அடைபட்டால் பக்கத்து வளவுக்குள்தான் போகும். கம்பஸைச் சுற்றி ஒவ்வொருவரும் ஒரு துண்டு நிரப்பினால் ஊர் முழுக்க வெள்ளம் நிற்கும். இது எனக்கு உண்மையாகவே கவலை.

இனி வளவு. 'வீடு' என்று பிளான் பாஸ் பண்ணிவிட்டுப் பிறகு போர்டிங்காக மாற்றலாம் என்று எழுதியிருந்தாய். அதைச் செய்யாதே, மச்சான். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்திய பகுதிக்குள் கட்டடம் எழுப்புவதைப் போலவே பயன்பாட்டை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். உன் ஒழுங்கை அந்தப் பகுதிக்குள் வருகிறதா என்று செங்கலடியில் பிரதேச சபையில் கேள். வராவிட்டாலும் 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சபையின் அனுமதி தேவை.

வீடு என்று வரைந்த பிளானில் குழி ஐந்து பேருக்குத்தான் இருக்கும். பத்து அறையில் இருபது பேர், ஆளுக்கு 100 லீற்றர் என்றால் ஒரு நாளைக்கு 2,000 லீற்றர். ஒரு நாள் தண்ணீரும் அடியில் தேங்கும் சேறும் தங்குவதற்குக் குறைந்தது நாலு கன மீற்றர் தொட்டி வேண்டும், பிறகு அது ஊறிப் போக இடம் வேண்டும். மணல் நிலத்தில் ஆவணியில் வெட்டினால் எவ்வளவு ஆழமும் காய்ந்துதான் கிடக்கும். மார்கழியில் நிலத்தடி நீர் மேலே ஏறி அந்தக் குழிக்குள்ளேயே நிற்கும். கழிவு மணலால் வடிபடாமல் நேரே கிணற்றுக்குப் போகும். அதனால் குழியின் ஆழத்தை மாரிகாலக் கிணற்று மட்டத்தை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். மட்டம் மேலே வருகிற இடத்தில் ஆழக் குழியை விட, தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் நிலத்தில் ஊறிப் போகும் ஆழமில்லாத நீண்ட ஊறு கான் நல்லது.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடிக்குக் குறையக் கூடாது. பலரும் இதில் தம் கிணற்றை மட்டும் பார்ப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பத்து அடியில் பக்கத்து வீட்டுக் கிணறு இருந்தால் அதுவும் கணக்கில் வரும். நில அளவைப் படத்தில் ஒவ்வொரு கிணற்றையும் நடுவில் வைத்து 50 அடி வட்டம் போடு. எந்த வட்டத்துக்குள்ளும் வராமல் மிஞ்சுகிற துண்டுதான் குழிக்கு இடம். அந்தத் துண்டில் எத்தனை பேருக்கு ஊறு கான் போட முடிகிறதோ அத்தனை பேருக்கு அறை கட்டு. எட்டுப் பேர் என்று வந்தால் எட்டுத்தான்.

அறையைப் பலகை அடித்து இரண்டாக்குவதும் வேண்டாம். ஜன்னல் ஒரு பக்கத்தோடு போய்விடும். தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்காவது ஜன்னலுக்கு இருக்க வேண்டும். மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிற பிள்ளைகள் காற்றில்லாத அறைக்கும் காசு கொடுத்து இருப்பார்கள், வேறு வழியில்லாமல்.

செய்யவேண்டிய படிகள் இப்படிப் போகும்: உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பர்மிட் காணியா என்று நிச்சயப்படுத்து, பர்மிட் என்றால் பிரதேச செயலாளரிடம் முதலில் போ. வீதிக்கு ஒதுக்கிய எல்லை எதுவரை என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடு. பிரதான வீதியை முகப்பாகக் கொண்டிருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேள். படம் வரைய முன்னரே ஆரம்பத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பி. 'போர்டிங்' என்றே எழுது, ஆட்களின் எண்ணிக்கையும் போடு. பிறகு பிளான், பீ.எச்.ஐ.யின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பார்வை, கட்டட அனுமதி. அத்திவாரம் போடும்போது சபையின் டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து பார்க்க வேண்டும். முடிந்ததும், அனுமதித்த பிளான்படியே கட்டியிருக்கிறது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழ் எடுத்த பிறகே ஆட்களை விடு. அனேகம் பேர் இந்தக் கடைசிப் படியில்தான் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு விற்கப்போகும்போதும் வங்கிக் கடனுக்குப் போகும்போதும் அல்லாடுகிறார்கள்.

தம்பி ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பக்கம் கடற்கரையோரம் காணி பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம் என்று சொல். ஒலுவில் துறைமுக அலைதடுப்பு மணலை மறித்ததால் அதற்கு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் காட்டுகிற காணி எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

உன் நில அளவைப் படத்தின் பிரதியை அனுப்பு. சுற்றியுள்ள கிணறுகளையும் பென்சிலால் குறித்து அனுப்பினால் வட்டங்களை நானே போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்